மூன்று பாகை தெற்கே

சென்னையிலிருந்து மதுரை, நேர்கோட்டில் அளந்தால், ஏறத்தாழ 415 கிலோமீட்டர். கோயம்புத்தூர் 400-ஐத் தாண்டும். யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையமோ சுமார் 355 கிலோமீட்டர்தான். மீனம்பாக்கத்தில் விமானம் ஏறுகிறவருக்கு மதுரையைவிடவும் கோவையைவிடவும் யாழ்ப்பாணம் பக்கம். வரைபடத்தை விரித்தால் இன்னொன்றும் தெரியும். சென்னை விமான நிலையமும் பலாலியும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில், கிழக்கே 80 பாகையை ஒட்டி, ஒன்றுக்கு நேர் கீழே மற்றொன்றாக இருக்கின்றன. சென்னை வடக்கே 13 பாகை, பலாலி 9.8 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கே போதும். மூன்று பாகையும் கொஞ்சமும், அவ்வளவுதான் இடைவெளி.

இவ்வளவு பக்கத்து ஊருக்குச் சென்னையிலிருந்து நேராகப் போக 41 ஆண்டுகள் விமானம் கிடையாது. 1978-ல் நின்ற சேவை 2019-ல்தான் திரும்பியது. வழக்கமான பயணிகள் சேவை தொடங்கிய ஐந்தாவது மாதமே, கொரோனாவால் மறுபடியும் நின்றது. 2022 டிசம்பரில் திரும்பத் தொடங்கியது.

பயண நேரம் என்றால் தூரத்தை வேகத்தால் வகுத்து வரும் எண் என்றே நாம் நினைக்கிறோம். சென்னை–யாழ்ப்பாணம் தடத்தில் அந்த வகுத்தல் கணக்கு செல்லுபடியான காலம் மிகக் குறைவு. மற்றக் காலமெல்லாம் நேரத்தைத் தீர்மானித்தவர்கள் அரசுகளும் படைகளும் அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போடும் அதிகாரிகளும்தான். வெறும் ஒரு மணி நேரப் பயணம் எப்படி நாள்கணக்கில் நீண்டது, மறுபடியும் எப்படிச் சுருங்கியது, இன்றும் யாருக்கு அது சுருங்கவில்லை என்பதுதான் இந்தத் தடத்தின் கதை.

முதலில் பயணத்தைப் பார்த்துவிடுவோம். இந்தத் தடத்தில் பறப்பது ஏடிஆர் 72. எழுபது சொச்சம் பேர் உட்காரக்கூடிய, இரண்டு விசிறிகள் கொண்ட சிறிய விமானம். இதன் இறக்கை உடலுக்கு மேலே பொருத்தப்பட்டிருப்பதால் கீழே பார்க்க இடைஞ்சல் இல்லை. போகும்போது வலப்பக்க ஜன்னலைக் கேட்டு வாங்குங்கள். வானம் தெளிவாக இருந்தால் மாமல்லபுரம், கல்பாக்கம் வரை கரை உங்கள் காலடியிலேயே வரும். அதன்பிறகு கரை தென்மேற்காகச் சாய, விமானம் நேர் தெற்கே கடலுக்கு மேல் போகும். புதுச்சேரியும் கடலூரும் தள்ளித் தெரியும். கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்தில் நீரின் நிறம் மாறும். நாகப்பட்டினத்துக்குப் பிறகு வேதாரண்யத்து உப்பளங்கள் கட்டம் கட்டமாக வெளுத்துக் கிடக்கும். கோடிக்கரை முனை. அங்கே தமிழ்நாடு முடிகிறது.

அங்கிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரை 55 கிலோமீட்டர் அளவுதான். சென்னையிலிருந்து செங்கல்பட்டுக்குச் சாலையில் போகிற தூரம். ஏடிஆர் அதைப் பத்து நிமிடத்துக்குள் கடந்துவிடும். தேநீர்க் கோப்பையைத் திருப்பிக் கொடுத்து நிமிர்வதற்குள் காங்கேசன்துறைத் துறைமுகத்தின் அலைதடுப்பு தெரிகிறது. பனைகளும், செம்மண் தோட்டங்களும், கூரையில்லாமல் சுவர் மட்டும் நிற்கும் வீடுகளும் எழும்பி வருகின்றன. சக்கரம் தரையைத் தொட்டுவிடுகிறது.

கணக்கும் எளிதுதான். ஏடிஆர் சீராகப் பறக்கும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர். 355-ஐ 500-ஆல் வகுத்தால் 43 நிமிடம். ஆனால் அட்டவணையில் ஒன்றேகால் மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். மீதி நேரம் எங்கே போகிறது? விமானத்தின் கதவு மூடி, அது நிலையத்தை விட்டு நகரத் தொடங்கியதிலிருந்து, போய் நிற்கும் வரை கணக்கில் சேரும். சென்னையில் ஓடுபாதைக்கு வரிசையில் நிற்க வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. குறுகிய தடத்தில் ஏற்றமும் இறக்கமுமே பாதிப் பயணத்தை எடுத்துக்கொள்ளும். ஏறி முடித்ததும் இறங்கத் தொடங்க வேண்டியதுதான். பாக் நீரிணைக்கு மேல் விமானம் சென்னை வான்கட்டுப்பாட்டின் பொறுப்பிலிருந்து கொழும்பின் பொறுப்புக்குக் கைமாறுகிறது. காற்று எதிர்த்தால்? மணிக்கு 40 கிலோமீட்டர் எதிர்க்காற்று அடித்தாலும் இவ்வளவு சிறிய தூரத்தில் மூன்று நான்கு நிமிடம்தான் கூடும். டெல்லி–டோக்கியோ மாதிரி நீண்ட தடங்களில் போக ஒரு நேரம், வர ஒரு நேரம் என்று மணிக்கணக்கில் வித்தியாசம் உண்டாக்குகிற காற்று, இங்கே பெரிதாக எதுவும் செய்துவிட முடியாது. இயற்கை இந்தத் தடத்துக்குத் தடையே போடவில்லை.

தடை போட்டவர்களின் கதைக்கு வருவோம். நேரடி விமானம் இல்லாத ஆண்டுகளில், வழி திறந்திருந்த காலத்திலும், சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் போக வேண்டியவர் கொழும்புக்குத்தான் போக வேண்டும். கொழும்பின் விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்க, சென்னையிலிருந்து 640 கிலோமீட்டர் சொச்சம். சென்னை விமான நிலையத்தையும் கட்டுநாயக்கவையும் ஒரு நேர்கோட்டால் இணைத்துப் பாருங்கள். அந்தக் கோடு பலாலியிலிருந்து ஏழு கிலோமீட்டர்கூடத் தள்ளிப் போகவில்லை! தாயைப் பார்க்கப் போகும் மகன் தாயின் வீட்டுக்குப் பக்கத்திலேயே பறந்து, அங்கிருந்து இன்னும் 290 கிலோமீட்டர் தெற்கே போய் இறங்கி, குடிவரவு வரிசையில் நின்று, கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்து இரவு பஸ் பிடித்து, சுமார் 400 கிலோமீட்டர் சாலையில் வடக்கே திரும்பி வர வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று நாம் சொல்வதுண்டே, அதை இவ்வளவு துல்லியமாக வரைபடத்தில் வரைந்து காட்டும் இன்னொரு பயணம் எனக்குத் தெரியாது. காலையில் சென்னையில் புறப்பட்டவர் மறுநாள் விடியலில் யாழ்ப்பாணம் சேர்வார். அதுவும் யாழ்ப்பாணம் போகும் ஏ9 சாலை திறந்திருந்தால்.

இந்த இரண்டு ஊர்களும் எந்தக் காலத்திலும் ஒன்றையொன்று அந்நியமாக நினைத்ததில்லை. யாழ்ப்பாணம் நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் சென்னைத் தங்கசாலையில் அச்சுக்கூடம் வைத்து நூல்கள் பதிப்பித்தார். 1864-ல் சிதம்பரத்தில் பள்ளிக்கூடம் தொடங்கினார். சங்க நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவரான சி.வை. தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர், அவரும் யாழ்ப்பாணத்துக்காரர். அவர்களுக்குப் பாய்மரத் தோணிகள் போதுமானதாக இருந்தன. பிறகு எழும்பூரில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறும் போட் மெயில் வந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. 1980-களின் நடுவில் அதுவும் நின்றது.

வான்வழி இவர்களுக்கு எப்போது வந்தது தெரியுமா? இலங்கைக்குச் சுதந்திரம் கிடைப்பதற்கும் முன்பே. பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படை போட்டது. 1947 டிசம்பர் 10-ம் தேதி, புதிதாகப் பிறந்த ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம், கொழும்பின் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை என்று அட்டவணையில் குறிக்கப்பட்ட பலாலியில் இறங்கி, அங்கிருந்து மெட்ராஸ் வந்தது. அது ஒரு டக்கோட்டா, பெயர் ‘சீதாதேவி’. ஒரு நாட்டின் விமான நிறுவனம் பறந்த முதல் தடமே யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குத்தான் என்பதை இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

அந்தத் தடம் நின்றதற்கு உள்நாட்டுப் போர்தான் காரணம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். தேதியைப் பார்த்தால் அப்படி இல்லை. சேவை நின்றது 1978-ல்; போர் வெடித்தது 1983-ல். அந்த 1978 செப்டம்பர் 7-ம் தேதி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரத்மலானையில் பயணிகளை இறக்கிய ஏர் சிலோனின் அவ்ரோ விமானம் குண்டுவெடிப்பில் எரிந்தது. மறு ஆண்டு ஏர் சிலோனே மூடப்பட்டு ஏர் லங்கா பிறந்தது. புதிய நிறுவனத்தின் பார்வையெல்லாம் கட்டுநாயக்கவிலிருந்து ஐரோப்பாவை நோக்கி இருந்தது. பலாலி அதன் திட்டத்தில் இல்லை. போருக்கு முன்பே அலட்சியம் கதவைச் சாத்திவிட்டது. போர் வந்து அதைப் பூட்டியது.

பூட்டிய காலத்தில் இந்தியாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானமே வரவில்லை என்று சொல்ல முடியாது. 1987 ஜூன் 3-ல் ராமேஸ்வரத்திலிருந்து நிவாரணப் பொருள்களுடன் கிளம்பிய படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள், பெங்களூரிலிருந்து புறப்பட்ட ஐந்து ஏஎன்-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்கள் காவலாக வர, யாழ்ப்பாணத்தின் மேல் அரிசியும் மருந்துமாகச் சுமார் 25 டன் பொருள்களைப் பாராசூட்டில் போட்டுவிட்டுத் திரும்பின. ‘பூமாலை’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அடுத்த மாதமே இந்தியப் படை பலாலியில் வந்து இறங்கியது. பூமாலைக்குப் பிறகு நடந்தவை எல்லோருக்கும் தெரியும்.

1990 ஜூனில் மறுபடி போர் மூண்டபோது யாழ்தேவி ரயில் நின்றது. ஆனையிறவு வழி அடைபட்டது. மக்கள் ஊரியான்–கொம்படிச் சேற்றிலும், பிறகு கிளாலிக் கடல்நீரேரியில் இரவுப் படகுகளிலும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்தார்கள். யாழ்ப்பாணம் விடுதலைப் புலிகளிடம் இருந்தது. பலாலித் தளம் ராணுவத்திடம் இருந்தது. தங்கள் ஊரிலேயே இருக்கும் ஓடுபாதைக்கு ஊர்க்காரர் எவரும் கிட்டே போக முடியாது. 1995-96-ல் ராணுவம் குடாநாட்டைப் பிடித்தபின் நிலைமை தலைகீழானது. தரைவழி அடைபட்டிருக்க, ‘சிட்டி ஆஃப் டிரிங்கோ’, ‘லங்கா முதித்த’ கப்பல்களும் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் பறந்த தனியார் விமானங்களும்தான் வழி. அதற்கும் படையினரின் ‘கிளியரன்ஸ்’ வேண்டும். விண்ணப்பம், கிராம சேவகர் கடிதம், புகைப்படம், காத்திருப்பு. கொழும்புக்கு ஒரு மணி நேரப் பறப்பு. அந்த அனுமதிக்கோ வாரக்கணக்கில் அலைய வேண்டும்.

1998 செப்டம்பர் 29-ம் தேதி பலாலியிலிருந்து கிளம்பிய லயன் ஏர் விமானம் மன்னார்க் கடலுக்கு மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது. 55 பேர் இறந்தார்கள். பயணிகளில் பெரும்பாலானோர் யாழ்ப்பாணத் தமிழர்கள். சுட்டது புலிகள் என்று பின்னர் வெளிவந்தது. அதன் சிதைவுகளைக் கடலடியில் கண்டெடுக்க 2012 ஆயிற்று. போர்க்கால வரலாற்றைப் பேசும்போது நாம் வேகமாகக் கடந்துபோகிற பக்கங்களில் இதுவும் ஒன்று. கடந்துபோகக் கூடாது. அந்தப் பயணிகள் ஊருக்கும் கொழும்புக்கும் இடையே வேறு வழியில்லாமல் ஏறியவர்கள்.

கடிகாரத்தையும் போர் விட்டுவைக்கவில்லை. 1996-ல் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக இலங்கை அரசு கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்தது. முதலில் ஒரு மணி நேரம், சில மாதங்களில் அரை மணியாகக் குறைத்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி அதை ஏற்கவில்லை; பழைய நேரத்திலேயே, அதாவது இந்திய நேரத்திலேயே இருந்தது. 2002-ல் ஏ9 திறந்தபோது ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கடிகாரத்தில் அரை மணி பின்னே போக வேண்டும்; முகமாலையில் மறுபடி அரை மணி முன்னே வர வேண்டும். ஒரே சாலை, ஒரே பஸ் பயணம், இரண்டு நேரம். 2006 ஏப்ரலில் அரசு பழைய நேரத்துக்கே திரும்பியது. ஆகஸ்டில் ஏ9 மறுபடி மூடப்பட்டது.

போர் 2009-ல் முடிந்தது. யாழ்தேவி 2014-ல் யாழ்ப்பாணம் திரும்பியது. பலாலிக்கு இன்னும் ஐந்து ஆண்டுகள் பிடித்தன. 2019 அக்டோபர் 17-ம் தேதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் அது திறக்கப்பட்டபோது, சென்னையிலிருந்து போன அலையன்ஸ் ஏர் விமானம் முதலில் இறங்கியது. நவம்பரில் பயணிகள் சேவை. 2020 மார்ச்சில் கொரோனா. நோய்க்காக மூடியதில் யாருக்கும் குறையில்லை. ஆனால் கட்டுநாயக்க 2021 ஜனவரியில் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்தது. பலாலி 2022 டிசம்பர் 12 வரை காத்திருந்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டு இடைவெளி! இடையில் இலங்கையின் பொருளாதாரமே சரிந்தது உண்மைதான். ஆனால் அதே நெருக்கடியில் கொழும்பு–சென்னை விமானங்கள் பறந்துகொண்டுதான் இருந்தன. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சென்னையிலிருந்து வந்தது. 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும் தொடங்கியது. திருச்சிக்கும் பலாலிக்கும் இடையே வான்வழித் தூரம் 185 கிலோமீட்டர்கூட இல்லை.

இந்த ஒரு மணி நேரம் யாருக்கு என்ன தருகிறது என்பதைச் சென்னை விமான நிலையத்தில், யாழ்ப்பாணம் போகிற வரிசையில் பத்து நிமிடம் நின்றால் பார்த்துவிடலாம். தி.நகர்க் கடைப்பைகளில் கூறைச் சேலைகள் இருக்கும்; யாழ்ப்பாணத்துக் கலியாணத்துக்குக் கூறை எடுக்கச் சென்னைக்கு வருவது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. மருத்துவமனை எக்ஸ்ரே உறைகளை மடக்காமல் பிடித்தபடி ஒரு முதியவரும் அவருடைய மகளும் நிற்பார்கள். சிதம்பரம், திருவண்ணாமலை, திருநள்ளாறு பார்த்துவிட்டுத் திருநீற்றுப் பொட்டலத்துடன் திரும்புகிறவர்கள் உண்டு. டொரோண்டோவிலிருந்தோ பாரிஸிலிருந்தோ வந்து, கொழும்புப் பக்கமே போகாமல் நேரே ஊருக்குப் போகிற குடும்பங்கள் உண்டு. எதிர்த்திசையில் வருகிற பெட்டிகளில் ஒடியலும், பனங்கட்டியும், வறுத்து இடித்த மிளகாய்த்தூளும், காலத்தில் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும். சிறிய விமானம் என்பதால் எடையில் கண்டிப்பு. தராசில் பெட்டியை வைத்து, எடுத்து, மாம்பழத்தை விடுவதா மிளகாய்த்தூளை விடுவதா என்று அக்காவும் தங்கையும் தீர்மானிக்கும் காட்சி அங்கே சாதாரணம்.

பெரிய விமானம் வந்தால் இந்தத் தொல்லை இருக்காதே என்று கேட்கலாம். அதற்கு நீண்ட ஓடுபாதை வேண்டும். ஏடிஆர் முழு எடையோடு கிளம்பச் சுமார் 1,300 மீட்டர் போதும். சென்னை–கொழும்புத் தடத்தில் பறக்கிற ஜெட் விமானங்களுக்கு அது போதாது. நீட்ட வேண்டும் என்ற பேச்சு எழுந்தவுடன் இன்னொரு கேள்வியும் எழுகிறது: யாருடைய நிலத்தில்?

பலாலி வெறும் ஓடுபாதையின் பெயர் அல்ல. அது ஒரு கிராமம். மயிலிட்டி, வசாவிளான், கட்டுவன், தையிட்டி என்று சுற்றிலும் கிராமங்கள். வெங்காயமும் புகையிலையும் வாழையும் விளைந்த, குடாநாட்டின் மிக வளமான செம்மண் அங்கேதான். 1990 ஜூனில் அங்கிருந்து மக்கள் உடுத்த துணியோடு வெளியேறினார்கள். அந்த மண் உயர் பாதுகாப்பு வலயமானது. மல்லாகம் பக்கத்து முகாம்களில் பிறந்த பிள்ளைகள் அங்கேயே வளர்ந்து, அங்கேயே கலியாணமும் முடித்தார்கள். மயிலிட்டித் துறைமுகம் 2017-ல்தான் விடுவிக்கப்பட்டது. வலயத்தின் பெரும்பகுதி துண்டு துண்டாகத் திரும்பி வந்திருக்கிறது, எல்லாம் வந்துவிடவில்லை. பலாலியில் இறங்கி வெளியே வரும்போது முள்கம்பிக்கு அந்தப் பக்கம் காடு மண்டிக் கிடப்பது தரிசு நிலம் அல்ல. உறுதிப் பத்திரத்தைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் ஒருவருடைய தோட்டம். விமான நிலையம் வளர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஆனால் நிலத்துக்காரரைக் கேட்காமல், அவருக்கு நியாயமான மாற்றோ விலையோ கொடுக்காமல் ஓடுபாதையை நீட்டினால், எந்த மக்களுக்காக இந்த விமானம் வந்ததோ அவர்களிடமிருந்தே அதைப் பிடுங்கியதாகிவிடும்.

கடல்வழியும் திரும்பியிருக்கிறது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கி, சில நாளிலேயே மழைக்காலத்தைக் காட்டி நிறுத்தப்பட்டு, 2024 ஆகஸ்டில் மறுபடி வந்தது. 60 கடல் மைல், சுமார் நான்கு மணி நேரம். மூட்டையோடு போகிறவருக்கு விமானத்தைவிட அது நல்லது. வடகிழக்குப் பருவத்தில் கடல் கொந்தளிக்கும் என்பதால், ஆண்டு முழுக்க நம்பிப் பயணம் வைக்க விமானம்தான்.

இத்தனைக்கும் பிறகு, இந்தத் தடம் யாருக்காக மிகவும் தேவையோ அவர்களில் ஒரு பெருங்கூட்டம் இன்னும் அதில் ஏற முடியாமல் இருக்கிறது. தமிழ்நாட்டு முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஈழத்தமிழர்கள் இருக்கிறார்கள். பலர் 1990-ல் படகில் வந்தவர்கள். கையில் பாஸ்போர்ட் கிடையாது. ஊர் திரும்ப வேண்டுமென்றால் சென்னையில் இருக்கும் இலங்கைத் துணைத் தூதரகத்திடம் பயண ஆவணம் வாங்க வேண்டும். இந்தியத் தரப்பில் வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு முதலில் இலங்கைக் குடியுரிமைப் பதிவு. ஒவ்வொன்றுக்கும் நடையாய் நடக்க வேண்டும். 2025 மே மாதம், ஐ.நா. அகதிகள் அமைப்பின் ஏற்பாட்டில் முறையான ஆவணத்தோடு சென்னையிலிருந்து போய்ப் பலாலியில் இறங்கிய எழுபது வயது தாண்டிய ஒருவர், விமான நிலையத்திலேயே கைது செய்யப்பட்டார். பல ஆண்டுகளுக்கு முன் அனுமதியில்லாமல் நாட்டை விட்டுப் போனது குற்றமாம். குண்டுக்குத் தப்பிப் படகேறியவர் எந்த மேசையில் போய் முத்திரை குத்தி வாங்கியிருக்க முடியும்?

கொழும்பு செய்ய வேண்டியது, போர்க்காலத்தில் தப்பிப் போனவர்கள் திரும்பி வரும்போது அந்தச் சட்டம் அவர்கள்மேல் பாயாது என்று எழுத்தில் உறுதி தருவது. டெல்லியும் சென்னையும் செய்ய வேண்டியது, வெளியேறும் அனுமதிக்கு முகாமிலேயே விண்ணப்பம் வாங்கி, குறித்த நாளுக்குள் முடிவு சொல்வது. துணைத் தூதரக அதிகாரிகள் மாதம் ஒருமுறை மண்டபம், கும்மிடிப்பூண்டி முகாம்களுக்குப் போய் உட்கார்ந்தால், முதியவர்கள் சென்னைக்கு அலைய வேண்டியிருக்காது. இவற்றில் எதற்கும் புதிய ஓடுபாதை தேவையில்லை, பெரிய விமானமும் தேவையில்லை. இருக்கிற ஏடிஆரில் இருக்கிற இருக்கைகளே போதும்.